சிறிய நாயும் பருத்திப்பட்டு வெயிலும்

சின்ன நாய்தானே, சோபா ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்து வாங்கி வருகிறவர்கள் நிறையப் பேர். நாய் சிறிதாக இருந்தால் அதன் சாப்பாடும் படுக்கும் இடமும் குறையும். கவனிப்பு குறையாது. ஐந்து கிலோ உடம்பில் நீர் வற்றவும் விஷம் ஏறவும் அதிக நேரம் பிடிக்காது. பெரிய நாய் ஒரு நாள் தாங்கிக்கொள்ளும் வயிற்றுப்போக்கு, குட்டியாக இருக்கும் சிறிய நாயைச் சாயங்காலத்துக்குள் சாய்த்துவிடும்.

பூந்தமல்லி–ஆவடி சாலையை ஒட்டி வளர்ந்துகொண்டிருக்கும் பருத்திப்பட்டில் இரண்டு விதமான வீடுகள் இருக்கின்றன. ஒன்று, அடுக்குமாடிக் குடியிருப்பு. மற்றது, இருபுறமும் காலி மனைகளும் முட்புதரும் உள்ள தனி வீடு. ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் கூவம். கடற்காற்று நகரத்தைக் கடந்து மேற்குப் புறநகருக்கு வந்து சேர்வதற்குள் மதிய வெயில் உச்சத்தைத் தாண்டிவிடும். வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்து நாய் வளர்ப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். அந்தப் புத்தகங்கள் குளிருக்கு எழுதப்பட்டவை. நாம் வெயிலையும் உண்ணியையும் ஐப்பசி மழையையும் கணக்கில் வைத்து நாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பராமரிக்கவும் வேண்டும்.

மூக்கைப் பாருங்கள்

நாய்க்கு நம்மைப்போல் உடம்பு முழுவதும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. உள்ளே போய் வரும் காற்று மூக்கின் ஈரத்தையும் வாயின் ஈரத்தையும் ஆவியாக்கிக் கொண்டுபோவதால் ரத்தம் குளிர்கிறது. ஆகவே மூக்கு எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. பக் நாய்க்கு அந்த நீளமே இல்லை. மூக்குத் துவாரம் குறுகல், உள்ளே மென்னண்ணம் தொண்டையை மறைக்கும் அளவுக்கு நீளம். அது குறட்டை விடுவதைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். அது மூச்சுக்குப் படும் பாடு.

2003இல் வந்த ஹட்ச் செல்போன் நிறுவன விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகும் இடமெல்லாம் பின்தொடர்ந்த பக் நாய் நாடெங்கும் பிரபலமானது. அதற்குப் பிறகு சென்னையிலும் பக் குட்டிகளுக்கு ஏகப்பட்ட கிராக்கி. தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராத இனங்கள் என்று சொல்லி இனப்பெருக்கத்தைத் தடை செய்ய விரும்பிய பட்டியலில் சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் ஆகியவற்றோடு பக் நாயையும் சேர்த்திருந்தது. கொள்கை நீதிமன்றத்துக்குப் போனது வேறு கதை. பக் நாயின் உடல்நிலையைப் பற்றி அது சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஏற்கெனவே உங்களிடம் பக் இருந்தால் அதை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், எடை ஏற விடாதீர்கள். புதிதாக வாங்க நினைத்தால், இந்த ஊரில் வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம்.

ஷிட்ஸுவுக்கும் மூக்கு குட்டைதான், பக் அளவுக்கு மோசமில்லை. சதா வளரும் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டே இருந்தால் சமாளிக்கலாம். டேஷண்ட் மூக்கு நீளமானது, வெயில் தாங்கும். ஆனால் அதன் நீண்ட முதுகெலும்பின் தட்டுகள் எளிதில் பிதுங்கும். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் இருப்பவர்கள் அதை எடுக்க வேண்டாம். பீகிளை வேட்டைக்கு வளர்த்தார்கள். மோப்பம் பிடித்து ஓட இடம் கொடுக்காவிட்டால் அது வீட்டைக் கிழித்துப்போடும்.

பல தலைமுறையாக இங்கே வாழ்ந்து பழகிய சிறிய நாய் ஒன்று இருக்கிறது. நம் ஊரில் பொமரேனியன் என்று சொல்லி வளர்க்கும் வெள்ளை சடைநாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ என்ற இந்திப் படத்தில் டஃபி என்ற நாயாக வருவதும் இந்த இனம்தான். அசல் பொமரேனியன் மூன்றரைக் கிலோவைத் தாண்டுவது அபூர்வம். இந்தியன் ஸ்பிட்ஸின் சிறிய வகை ஐந்திலிருந்து ஏழு கிலோ வரை இருக்கும். நீண்ட மூக்கு, கெட்டியான உடம்பு, வீட்டுச் சாப்பாட்டை ஏற்றுக்கொள்ளும் வயிறு. குறை ஒன்றே ஒன்று, குரைக்கும். காலிங் பெல்லுக்கும் குரைக்கும், பக்கத்து வீட்டு பிரஷர் குக்கருக்கும் குரைக்கும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் குட்டியாக வந்த முதல் வாரத்திலிருந்தே, குரைப்பு நின்ற நொடியில் ஒரு துண்டு கோழியைக் கொடுத்துப் பழக்க வேண்டும். கத்தி அடக்கினால் நீங்களும் கூடச் சேர்ந்து குரைப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும்.

எங்கே வாங்குவது

நாய் வளர்ப்பு மற்றும் விற்பனைக்கான 2017 மத்திய அரசு விதிகளின்படி, குட்டிகளை விற்பதற்காக வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. இந்த எட்டு வாரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். தாயிடமிருந்தும் கூடப்பிறந்தவற்றிடமிருந்தும் சீக்கிரம் பிரித்த குட்டிக்குக் கடியின் அளவு தெரியாது. முப்பது நாள் குட்டியைக் கையில் வைத்து ‘நாற்பத்தைந்து நாள் சார், பாட்டில் பால் குடிக்கும்’ என்று சொல்பவரிடமிருந்து திரும்பி வந்துவிடுங்கள்.

தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாய் இளைத்து, முலைகள் தொங்கி, மிரண்டு ஓடினால் அந்தக் குட்டி வேண்டாம். தாயைக் காட்ட மறுத்தாலும் வேண்டாம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற இடங்களில் பல ஊர்களிலிருந்து வந்த குட்டிகள் ஒரே கூண்டில், ஒரே வெயிலில் இருக்கும். பார்வோ வைரஸ் ஒரு குட்டியிடம் இருந்தாலும் மற்றவற்றுக்குப் பரவும். வாங்கி வந்த சில நாட்களில் வாந்தியும் ரத்தம் கலந்த பேதியும் தொடங்கும். பரிதாபப்பட்டு வாங்கிக் காப்பாற்றுகிறேன் என்று நினைப்பவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கூண்டு அடுத்த வாரமே நிரம்பிவிடும். கென்னல் கிளப் சான்றிதழ் வம்சாவளியைத்தான் சொல்லும், ஆரோக்கியத்துக்கு அது உத்தரவாதம் ஆகாது.

இன்னொரு வழியும் உண்டு, பலர் அதை யோசிப்பதில்லை. வீடு மாறும்போதும் குழந்தை பிறக்கும்போதும் கைவிடப்படுகிற ஸ்பிட்ஸ், ஷிட்ஸு, பக் நாய்கள் புளூ கிராஸ் போன்ற காப்பகங்களுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. மூன்று நான்கு வயது நாய் எப்படிப்பட்ட குணமுடையது என்பது எடுக்கும்போதே தெரிந்துவிடும். வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருந்தால் குட்டியைவிட இதுவே நல்லது.

குட்டி வந்த அந்த வாரத்திலேயே டாக்டரிடம் காட்டுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் ஆகும்வரை தொடர் ஊசிகள். மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் கணக்கில் மறு ஊசி. இந்தத் தொடர் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்க வேண்டாம், தூக்கிக்கொண்டு போய் உலகத்தைக் காட்டுங்கள். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

உரிமம் பற்றி ஒரு குழப்பம் இருக்கிறது. பருத்திப்பட்டு ஆவடி மாநகராட்சியைச் சேர்ந்தது. அம்பத்தூர் சென்னை மாநகராட்சியின் 7ஆவது மண்டலம். சென்னை மாநகராட்சிக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம், ரேபிஸ் ஊசிச் சான்றிதழ் இல்லாமல் கிடைக்காது. ஆவடிப் பக்கம் இருப்பவர்கள் தங்கள் மாநகராட்சி அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். அம்பத்தூரில் இருக்கும் உறவினர் வீட்டு நாயின் உரிமத்தைப் பார்த்து, அதே விதி உங்களுக்கும் என்று எண்ண வேண்டாம்.

வெயில்

பங்குனியிலிருந்து ஆவணி வரை நாயின் நேரத்தை வெயிலே தீர்மானிக்க வேண்டும். காலை ஆறரைக்குள் நடை முடிந்துவிட வேண்டும். மாலையில் சூரியன் மறைந்தால் போதாது, தார்ச்சாலை ஆற வேண்டும். புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் அதன் பாதமும் பொசுங்கும். சிறிய நாயின் வயிறு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கிறது. சாலையின் அனல் முழுவதும் நேரே அதன் வயிற்றில் அடிக்கும்.

மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. மொட்டை மாடித் தளம் பகல் முழுக்கக் குடித்த சூட்டை நள்ளிரவு வரை வீட்டுக்குள் இறக்கும். நாய் குளியலறைத் தரையில் போய்ப் படுத்தால் விரட்டாதீர்கள், அது தனக்கு ஏற்ற இடத்தைத்தான் கண்டுபிடித்திருக்கிறது. தண்ணீர்ப் பாத்திரம் இரண்டு இடத்தில் இருக்கட்டும். பால்கனியில் கட்டிவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். காலையில் நிழலாக இருக்கும் பால்கனி மதியம் வெயிலாக மாறும். மூடிய காரில் ஐந்து நிமிஷம்கூட விட வேண்டாம்.

நாக்கு அடர் சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால் அது சூட்டு மயக்கம். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41 ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. முதலில் குளிர்விப்பு, பிறகு ஆஸ்பத்திரி. சாதாரணக் குழாய்த் தண்ணீரை வயிறு, தொடையிடுக்கு, பாதம் என்று ஊற்றி, ஃபேனை நேரே திருப்பிவிடுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி மூடினால் சூடு உள்ளேயே நிற்கும். வாயில் தண்ணீரை வலுக்கட்டாயமாக ஊற்றவே கூடாது. 39.5க்கு இறங்கியதும் நனைப்பதை நிறுத்திவிட்டு வண்டியில் ஏற்றுங்கள். தெளிந்துவிட்டதே என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம், சிறுநீரகப் பாதிப்பு மறுநாள்தான் வெளியே தெரியும்.

வெயிலுக்கு என்று ஸ்பிட்ஸை மொட்டையடிக்கிறார்கள். அதன் முடி இரண்டு அடுக்கு. வெளி முடி வெயிலைத் தோலில் படாமல் தடுக்கிறது. ஒட்ட மழித்தால் தோல் பொசுங்கும், சிலவற்றுக்கு முடி திட்டுத்திட்டாகத்தான் திரும்ப வளரும். உள்முடியை வாரத்துக்கு மூன்று நாளாவது சீப்பால் வாரி எடுத்தால் போதும், காற்று உள்ளே போகும். ஷிட்ஸுவுக்கு இந்த விதி பொருந்தாது, அதற்குத் தாராளமாக முடி வெட்டலாம்.

உண்ணி

இந்தப் பகுதியில் வெயிலைவிட அதிகமாகச் சிறிய நாய்களை வாட்டுவது உண்ணிதான் என்று நினைக்கிறேன். காலி மனைப் புல்லில் ஏறும் என்பது பாதி உண்மை. நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தக்கூடியது. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயிலிருந்து உதிர்ந்து, சுவர் இடுக்கிலும் கதவு நிலையிலும் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சு மறுபடி நாயில் ஏறும், உதிரும், தோல் உரிக்கும், மறுபடி ஏறும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு ‘போகவே மாட்டேன் என்கிறதே’ என்று நொந்துகொள்வதற்குக் காரணம் இதுதான். சுவரில் மேல்நோக்கி ஊரும் உண்ணியைப் பார்த்தால், வீட்டுக்கும் மருந்தடிக்க வேண்டும் என்று அர்த்தம். நாயின் படுக்கையைக் கொதிநீரில் துவையுங்கள், சோபா அடியையும் நிலைக்கதவு இடுக்கையும் பாருங்கள்.

உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபீசியா நோய்கள்தான் நாம் அஞ்ச வேண்டியவை. காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, ஈறு வெளிறுதல், மூக்கில் ரத்தம், சிறுநீர் காபி நிறமாதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டிருக்கும். நேரத்தோடு பிடித்தால் குணமாகிவிடும் நோய்கள் இவை. ‘நேற்றிலிருந்து கொஞ்சம் டல்லாக இருக்கு’ என்று வார இறுதிவரை தள்ளிப்போடுவதால்தான் உயிர் போகிறது.

கழுத்தில் விடும் சொட்டு மருந்து, மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ கொடுக்கும் மாத்திரை என்று இப்போது நல்ல வழிகள் இருக்கின்றன. எல்லாம் எடைக் கணக்கு. மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கண்ணளவாகத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஐந்து கிலோ நாய் அதை நக்கி வலிப்பு வந்து விழும். தயவுசெய்து செய்யாதீர்கள். நடை முடிந்து வந்ததும் காது மடல், கழுத்துப்பட்டையின் அடி, விரலிடுக்கு மூன்றையும் தடவிப் பாருங்கள். கண்ட உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். மண்ணெண்ணெய் தடவுவதும் பத்தியால் சுடுவதும் வேண்டாம்.

மழை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஆவடி வட்டாரத்தில் எத்தனை தெருவை மூழ்கடித்தது என்பது இங்கே இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். அதற்கான லெப்டோஸ்பைரோசிஸ் தடுப்பூசியை ஐப்பசிக்கு முன்பே புதுப்பித்துக்கொள்ளுங்கள். முழங்கால் தண்ணீரில் நாயை இறக்காதீர்கள், மாடிப்படி நடைபாதையிலோ மொட்டை மாடியிலோ ஒரு தட்டில் மண் பரப்பிப் பழக்கிவைத்தால் வெள்ள நாட்களில் கைகொடுக்கும்.

மழை விட்டதும் தேரைகள் வெளியே வரும். கவ்விய நாய்க்கு வாயில் நுரை தள்ளும். தலையைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்து, ஓடும் தண்ணீரால் வாயைக் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். புதர் ஓரம் கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் உண்டு. இருட்டில் டார்ச் இல்லாமல் காலி மனைப் பக்கம் நாயைக் கூட்டிப் போகாதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் பயனில்லை. நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று போனில் கேட்டபடியே கிளம்புங்கள்.

சாப்பாடு

ஐந்து கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 350 கலோரி போதும். ஒரு மேரி பிஸ்கட்டில் கிட்டத்தட்ட 25 கலோரி. தாத்தா காலையில் இரண்டு, பேரன் மாலையில் இரண்டு என்று கொடுத்தால் நாளின் உணவில் கால் பங்குக்கு மேல் மைதாவும் சர்க்கரையுமாகப் போய்விடும். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து யார் எவ்வளவு கொடுப்பது என்று பேசி முடிவெடுப்பது நல்லது. நாயின் பருமன் பெரும்பாலும் பாசத்தால் வருவது, ஆகவேதான் அதைக் குறைப்பதும் கடினம்.

வீட்டுச் சாப்பாடு கொடுப்பதில் தவறில்லை. தயிர்சாதம் மட்டுமே கொடுப்பதில்தான் தவறு. வேகவைத்த கோழி அல்லது முட்டை பாதிக்கு மேல், கொஞ்சம் சாதம், பூசணி, கேரட் என்று இருக்கட்டும். உப்பு, காரம் வேண்டாம். கால்சியமும் வைட்டமின்களும் எவ்வளவு சேர்ப்பது என்று டாக்டரிடம் கேளுங்கள். சாம்பாரையோ குழம்பையோ ஊற்றிப் பிசையக் கூடாது. வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும். பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். விசேஷ நாட்களில் விருந்தாளிகள் ஆசையாக ஊட்டிவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம் இரண்டும் விஷம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பு வெந்திருப்பதால் ஊசியாக உடைந்து குடலைக் குத்தும்.

சின்னச் சின்ன உறுப்புகள்

கழுத்தில் பெல்ட் போட்டு இழுத்தால் சிறிய இனங்களின் மூச்சுக்குழல் நசுங்கும். வாத்து கத்துவதுபோல் இருமல் வந்தால் அதுதான் அறிகுறி. மார்பில் மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். டைல்ஸ் தரை வழுக்குவதால் முழங்கால் சில்லு விலகும். ஓடும்போது பின்னங்காலை ஒருமுறை தூக்கிவிட்டு மறுபடி ஊன்றினால் கவனியுங்கள். சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு மிதியடியும் சிறு படியும் வையுங்கள், பாதத்தின் அடியில் வளரும் முடியை வெட்டிவிடுங்கள். பல் தேய்ப்பதைக் குட்டியிலிருந்தே பழக்குங்கள், நாய்க்கான பேஸ்ட்டால் மட்டும். பக், ஷிட்ஸு கண்கள் பிதுங்கியவை. கண்ணைச் சுருக்கினாலோ நீலம் பாய்ந்தாலோ அன்றே காட்ட வேண்டும். பெண் நாய்க்குக் குட்டி தேவையில்லை என்றால் கருத்தடை செய்துவிடுங்கள், நடுவயதில் கருப்பையில் சீழ் கட்டும் ஆபத்து அதோடு நீங்கும்.

வாசலுக்கு வெளியே

பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி 2019இல் திறந்த பசுமைப் பூங்காவில் காலையில் நடப்பவர்கள் அதிகம். நாயை அனுமதிப்பார்களா என்று வாசலில் கேட்டுவிட்டுப் போங்கள். ஏரிக்கரைப் பறவைகளைத் துரத்தவிடக் கூடாது. தெரு நாய்கள் சூழ்ந்தால் ஓடாதீர்கள், உங்கள் நாயைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டாதீர்கள். இடையில் குடையை விரித்துப் பிடித்தபடி பக்கவாட்டாக விலகுங்கள். ஒரே தெருவில் தினமும் ஒரே நேரத்தில் போனால் அங்குள்ள நாய்கள் சில வாரங்களில் உங்களை ஏற்றுக்கொள்ளும். எந்த நாய் கடித்தாலும், உங்கள் வீட்டு நாயே கீறினாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும்.

அடுக்குமாடிச் சங்கங்கள் நாயே கூடாது என்று தீர்மானம் போட முடியாது, லிஃப்டை மறுக்கவும் முடியாது. இந்திய விலங்கு நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. அதே சமயம் லிஃப்டில் பயப்படுகிறவர் இருந்தால் அடுத்த முறைக்குக் காத்திருப்பதும், நாயின் கழிவைக் காகிதத்தில் எடுத்துப் போடுவதும் நம் கடமை. பிளாஸ்டிக் பையும் பழைய செய்தித்தாளும் இல்லாமல் படி இறங்காதீர்கள்.

இரவில் கிளம்ப வேண்டி வந்தால்

அருகிலுள்ள கிளினிக் பூட்டியிருக்கும் நேரத்தில்தான் நாய்க்குத் தொல்லை வரும். எனவே நாய் நன்றாக இருக்கும்போதே இரண்டு எண்களைச் செல்போனில் சேமித்துவையுங்கள். ஒன்று, பக்கத்தில் இரவிலும் எடுக்கும் டாக்டருடையது. மற்றது, வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியுடையது. 1903இல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் சிறிய கிளினிக்குகளில் இல்லாத வசதிகள் உண்டு. ஆனால் பருத்திப்பட்டிலிருந்து அம்பத்தூர் வழியாகப் போய்ச்சேர ஒரு மணி நேரம் வரை ஆகலாம், இரவுச் சேவை பற்றி முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். நாயோடு ஏற எல்லா ஆட்டோக்காரர்களும் சம்மதிக்க மாட்டார்கள். சம்மதிக்கும் ஒருவரின் எண்ணையும் சேர்த்து வையுங்கள், ஒரு பழைய போர்வையும் கூடவே இருக்கட்டும்.

மனிதர்களின் பாராசிட்டமாலையோ வலி மாத்திரையையோ கொடுத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். சிறிய உடம்புக்கு அது ஈரலையும் வயிற்றையும் கெடுக்கும். வாந்தி, பேதி இருந்தால் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டருக்கு அது சொல்லிப் புரிய வைப்பதைவிட உதவும். தடுப்பூசி அட்டையின் படமும் போனில் இருக்கட்டும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று, பிறகு தனியாக நின்று, இரண்டையும் கழித்து அந்த அட்டையிலேயே எழுதி வையுங்கள். இரவு இரண்டு மணிக்கு டாக்டர் போனில் முதலில் கேட்கப்போவது நாயின் எடையைத்தான்.